விளிம்பா, வேலியோரமா, காடா? சீ ரேஞ்சில் ஒரு பழைய வீடு பார்க்கிற கதை

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாக ஒரே பேச்சுதான். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து கடலோரத்தில் ஒரு வீடு வாங்கலாமா என்று. நால்வரும் பல வருடமாக, வடக்குக் கலிஃபோர்னியாக் கடலோரத்தில் இருக்கும் சீ ரேஞ்ச் என்ற ஊருக்கு வார இறுதியில் வாடகைக்குப் போய் வருகிறவர்கள். "இந்த வாடகையை நம் வீட்டுக்கே கட்டலாமே" என்று அண்ணன் ஒரு நாள் சொல்லப்போக, மறுநாளே அக்கா ஒரு எக்ஸெல் தாளைப் போட்டுவிட்டார். அதில் மூன்று வரிசை: கடல் விளிம்பில் ஒரு கண்ணாடி வீடு, சைப்ரஸ் மர வரிசையை ஒட்டி ஒரு சின்ன வீடு, சாலைக்கு மேலே காட்டுக்குள் ஒரு வீடு. மூன்றுமே 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் கட்டியவை. மூன்றின் விளம்பரத்திலும் "மிட்-செஞ்சுரி மாடர்ன்" என்று போட்டிருந்தது.

நான் படித்தது சிவில், பிழைப்பது சாஃப்ட்வேரில். அதனால் "நீ போய்ப் பார்த்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பார்த்தேன். குழுவில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், வேறு யாராவது இதே யோசனையில் இருந்தால் உதவும்.

முதலில் அந்த விளம்பரச் சொல்லைப் பற்றி. மிட்-செஞ்சுரி மாடர்ன் என்றால் பலருக்கும் மனதில் வருவது தட்டைக் கூரை, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, உள்ளேயும் வெளியேயும் ஒரே தளம். பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்தில் அது அழகாக நிற்கும். சீ ரேஞ்ச் அந்தப் பாணியின் கடைசிப் படியில், அதோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த ஊர். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே 100 மைலுக்குச் சற்று மேல், சோனோமா கவுண்ட்டியின் வட கோடி. செம்மறி ஆடு மேய்ந்துகொண்டிருந்த பண்ணை அது. 1963இல் ஓஷியானிக் கலிஃபோர்னியா என்ற நிறுவனம் அதை வாங்கியது. கடற்கரை மட்டுமே 10 மைல் நீளம். ஆல் போக் என்ற கட்டடக்கலைஞர் திட்டத்தை நடத்தினார். நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வரைந்தவர் லாரன்ஸ் ஹால்ப்ரின். ஹால்ப்ரின் முதலில் பார்த்தது காற்றை. எங்கே எவ்வளவு வேகம், எந்த இடத்தில் மனிதர் வெளியே உட்கார முடியும் என்று கவனித்த பிறகுதான் வீடு எங்கே வரலாம் என்று கோடு போட்டார். நாங்களும் அந்த வரிசையில்தான் யோசித்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்துத் தொடங்கிவிட்டோம்.

விளிம்பு வீடு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் நானும் வாயடைத்துப் போனேன். வரவேற்பறையின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே கறுத்த பாறைகள், அதில் கடல்நாய்கள், வெள்ளையாக வெடிக்கும் அலை. அக்கா இதைப் பார்த்துத்தான் மயங்கினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சுவரின் அருகே போய் நின்றால் வேறு விஷயங்கள் தெரிகின்றன. கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில் மரம் கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. அலுமினிய நகரும் கதவின் தண்டவாளத்தில் வெள்ளைப் பொடி, சிறு சிறு குழிகள். உப்புக் காற்று அலுமினியத்தை அரிப்பது இப்படித்தான். கண்ணாடி ஒற்றை அடுக்கு. குளிர்காலத்தில் உள்ளே ஹீட்டர் போட்டால் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் சட்டத்தில் இறங்குகிறது. ஆக, அழுகல் வெளிமழையால் மட்டும் வந்ததல்ல. வீட்டுக்குள் இருக்கும் மனிதர் மூச்சும் சமையல் ஆவியும் சேர்ந்து செய்த வேலை.

சரி, இரட்டைக் கண்ணாடி போட்டுவிடலாமே என்று மச்சான் கேட்டார். போடலாம். மூன்று சிக்கல். எடை இரண்டு மடங்காகும். பழைய சட்டம் அதற்காகச் செய்ததல்ல, எனவே சட்டத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே இருக்கும் ஓரச் சீல் கடலோர வெயிலிலும் உப்பிலும், கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் தாங்குவதைவிடச் சீக்கிரம் விட்டுப்போகும். பிறகு உள்ளே பனி படிந்து நிரந்தர மங்கல், அந்தப் பலகையையே மாற்றுவதுதான் வழி. மூன்றாவது, 60களின் பெரிய கண்ணாடிகள் பல சாதாரணத் தட்டைக் கண்ணாடி. உடைந்தால் கத்தி கத்தியாக விழும். தரையை ஒட்டிய பெரிய கண்ணாடி உடைந்தாலும் ஆளை வெட்டாத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1970களில்தான் வந்தது. குழந்தைகள் ஓடும் வீட்டில் இதை முதல் நாளே மாற்றியாக வேண்டும், பேரம் பேச இடமில்லை.

அப்புறம் வெளிச்சம். இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். சிட்னி ஆபரா ஹவுஸை வரைந்த யோர்ன் உட்சான், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பாறைக் கரை ஒன்றின் மேல் 1970களின் தொடக்கத்தில் தனக்கு ஒரு வீடு கட்டினார். மனைவி பெயரில் கான் லிஸ். தீவில் வெட்டியெடுக்கும் மணற்கல் சுவர், ஆழமான குகை போன்ற சன்னல்கள். சட்டத்தைச் சுவரின் வெளிப்பக்கத்தில் பொருத்தியதால் உள்ளிருந்து பார்த்தால் சட்டமே தெரியாது, கல்லும் கடலும் மட்டும்தான். கடலைப் பார்க்கும் வீடு என்றால் உலகமே அதைத்தான் உதாரணம் காட்டும். ஆனால் இருபது வருடம் ஆனதும் உட்சான் அங்கிருந்து கிளம்பி, தீவின் உட்புறத்தில் மலைச்சரிவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். கடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் தொல்லை வேறு. இத்தனைக்கும் அவர் சன்னல்களை வெயிலுக்கு மறைத்து ஆழமாக வைத்தவர். எங்கள் விளிம்பு வீட்டிலோ மேற்குச் சுவர் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் லேப்டாப் திரை தெரியவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டோம். அந்தக் காட்சிக்குத்தானே இவ்வளவு விலை?

கலிஃபோர்னியாக் கடலோரத்திலேயே, கார்மெல் என்ற ஊரில் ஒரு வீடு இருக்கிறது. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், டெல்லா வாக்கர் என்ற அம்மாளுக்காக 1948இல் வரைந்து, 50களின் தொடக்கத்தில் முடித்தது. பாறைபோல நிலைத்து நிற்க வேண்டும், அலைபோலத் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டாராம். ரைட் கப்பலின் மூக்கு மாதிரி ஒரு கல்சுவரைக் கடலுக்குள் நீட்டி, அதன் மேல் அறுகோண அறையை வைத்தார். கண்ணாடியை நேராக நிறுத்தவில்லை; ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கைவிடச் சற்று வெளியே தள்ளி, தலைகீழ்ப் படிக்கட்டு மாதிரி. மேலே செப்புக் கூரை அகலமாக நீண்டு அதற்கு நிழல் தருகிறது. கடலின் முகத்தில் கண்ணாடி வைக்க வேண்டும் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டும், கல்லும் செம்பும் வாங்கப் பணமும் வேண்டும். 2023இல் அந்த வீடு 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றது. நாங்கள் பார்த்த விளிம்பு வீட்டைக் கட்டியவர் ரைட் இல்லை. படத்தில் பார்த்ததை மரத்திலும் அலுமினியத்திலும் நகல் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கரை அரிப்பைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது திடீரென்று வரும் செலவு. கண்ணாடி மாதாமாதம் வரும் செலவு. பாறைக் கரை மணற்கரை மாதிரி வருடத்துக்கு இவ்வளவு என்று கரைவதில்லை. இருபது வருடம் ஒன்றும் ஆகாது. ஒரு குளிர்காலத்தில், மழை மண்ணுக்குள் ஊறி, கீழே அலை குடைந்து, ஒரே நாளில் லாரி அளவுத் துண்டு விழும். அதனால் "சராசரி அரிப்பு" என்று யாராவது ஒரு சின்ன எண்ணைக் காட்டினால் நிம்மதி அடைய வேண்டாம். சொந்தச் செலவில் ஒரு நிலவியல் பொறியாளரை அழைத்துப் போக வேண்டும். வெளி விளிம்பில் பிளவு இருக்கிறதா, கூரைத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது, செப்டிக் டேங்கின் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்குவது எந்தப் பக்கம் என்று அவர் பார்ப்பார். விளிம்பை நோக்கித் தண்ணீர் விடும் வீடு தன் மண்ணைத் தானே தள்ளிவிடுகிறது.

தடுப்புச்சுவர் கட்டிக்கொள்ளலாம் என்பதும் கலிஃபோர்னியாவில் அத்தனை சுலபமில்லை. 1972இல் மக்கள் வாக்கெடுப்பில் கடற்கரை ஆணையம் வந்தது. 1976இல் கடற்கரைச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. (அந்த வாக்கெடுப்புக்குக் கிளம்பிய கோபத்தில் சீ ரேஞ்சுக்கும் பங்கு உண்டு: 10 மைல் கரையையும் தனியாருக்கென்று மூடுகிறார்களே என்று. இன்று பொதுமக்கள் இறங்கும் பாதைகள் அங்கே இருப்பது அந்தச் சண்டையால்.) புதுக் கட்டடம் தடுப்புச்சுவர் தேவைப்படாத இடத்தில்தான் வரலாம் என்பது சட்டத்தின் போக்கு. விளிம்பிலிருந்து 50 அடிக்குள் இருக்கும் வீட்டில் சின்னக் கூட்டல் வேலைக்கும் அனுமதி வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி: வீட்டின் பாதியோ அதற்கு மேலோ மாற்றிவிட்டால் அது "பழுதுபார்ப்பு" அல்ல, புது வீடு. புது வீடு என்று ஆனதும் அதே இடத்தில் கட்ட முடியாது. 75 அல்லது 100 வருட அரிப்பைக் கணக்கிட்டுப் பின்னே தள்ளச் சொல்வார்கள். விளிம்பு வீட்டில் அழுகிய சட்டம், கதவு, மேற்குச் சுவரின் தூண்கள் என்று நான் கூட்டிப் பார்த்தால் அந்தப் பாதிக் கோட்டை நெருங்குகிறது. அதைத் தாண்டினால் எந்தக் காட்சிக்காக வாங்கினோமோ அந்தக் காட்சியை இழப்போம்.

வேலியோர வீடு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பண்ணைக்காரர்கள் காற்றை மறிக்க மாண்டரே சைப்ரஸ் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். கடலிலிருந்து சாலை வரை புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் உயரமான கரும்பச்சை வேலிகள். ஹால்ப்ரின் வீடுகளைப் புல்வெளியின் நடுவில் போடாமல் இந்த வேலிகளை ஒட்டி அடுக்கினார். நிலத்தில் ஏறக்குறைய பாதி வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பொது என்று விட்டதால் நடுவெளி அப்படியே கிடக்கிறது.

ஜோசஃப் எஷெரிக் என்ற கட்டடக்கலைஞர் 1960களின் நடுவில் அங்கே ஒரு வேலியோரத்தில் மாதிரி வீடுகள் சில கட்டினார். அவற்றை வெளியிலிருந்து பார்த்தால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். தாழ்ந்த சின்ன வீடுகள். மேலே ஒற்றைச் சரிவுக் கூரை. பல வருடம் அடித்த காற்று சைப்ரஸ் உச்சிகளை எந்தக் கோணத்தில் சீவி வைத்திருக்கிறதோ அதே கோணத்தில் கூரையும் சரிகிறது. அடித்து வரும் காற்று மரத்தின் மேல் ஏறி, கூரையின் மேல் வழுக்கி, அந்தப் பக்கம் போய்விடும். வீட்டின் மறைவில் ஒரு முற்றம். அங்கே மே மாதக் காற்றிலும் காப்பியோடு உட்கார முடியும். எஷெரிக் தனக்கென்று வைத்துக்கொண்ட வீடு 900 சதுர அடிக்குள்தான்.

நாங்கள் பார்த்தது அவர் கட்டியதல்ல. அவரைப் பார்த்து யாரோ கட்டியது. ஆனால் புத்தி அதேதான். வடமேற்கே வேலி, தெற்கே சன்னல், மேற்கே ஒரு மூலையில் மட்டும் கடல். உட்காரும் திண்ணைபோன்ற சன்னலில் சாய்ந்துகொண்டால் புல்வெளி தாண்டி ஒரு துண்டுக் கடல் தெரிகிறது. அண்ணன் "இவ்வளவுதானா?" என்றார். எனக்கு அந்தத் துண்டு போதும். முழுக் கடலையும் பார்க்க வேண்டுமென்றால் மூன்று நிமிடம் நடந்தால் கரைமேட்டுப் பாதை. அது வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பொது.

காற்றுக்கு மரவேலி சுவரைவிட நல்லது. சுவர் காற்றை அடைத்து மறுபக்கம் சுழலவிடும். வேலி வடிகட்டி மெதுவாக்கும். மர உயரத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை அந்த நிழல் இருக்கும். எங்கள் அளவீடு இவ்வளவுதான்: ஒரே பிற்பகலில் விளிம்பு வீட்டுத் தளத்தில் காகிதத் தட்டு பறந்தது, இங்கே பறக்கவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. வேலி மரங்களுக்கு வயதாகிவிட்டது. உள்ளே காய்ந்த கிளைகள் நிறைய. புயலில் விழும், தீக்கும் இரை. வீட்டின் வடபக்கம் வெயிலே படாமல் பாசி. கூரைச் சந்துகளில் சைப்ரஸ் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கிய தடம் ஓரிடத்தில் உள்கூரையிலேயே தெரிந்தது. இந்த ஊர் வீடுகளுக்கு இறவாணம் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீட்டிய கூரையோரம் காற்றில் அதிரும், சுழலும் என்று அதை வெட்டிவிட்டார்கள். பார்க்க ஒரு மரத்துண்டைச் செதுக்கி வைத்தது மாதிரி சுத்தமாக இருக்கும். அதற்கான விலை: கூரைத் தண்ணீர் நேரே சுவரில் வழிந்து சன்னல் தலைக்கு வருகிறது. அங்கே மடித்து வைத்த தகடு ஒழுங்காக இருந்தால் வீடு ஐம்பது வருடம் நிற்கும். இல்லையென்றால் சுவருக்குள் ஒழுகும், வெளியே தெரியாது. நம் ஊரில் ஓட்டு வீட்டின் இறவாணத்தடியில் மழையில் நின்று வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு இன்னும் முழுசாக மனதுக்குப் பிடிபடவில்லை.

சுவர்ப் பலகை ரெட்வுட். (தமிழில் இதைச் செம்மரம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆந்திராவில் கடத்துகிற அந்தக் கட்டை வேறு, இது வேறு.) 60களில் வந்தது பழங்காட்டு மரத்தின் வயிரப் பகுதி, நெருக்கமான வளையங்கள், லேசில் அழுகாது, எண்ணெய்கூடப் பூசாமல் விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அந்த மரங்களில் வெட்டாமல் மிஞ்சியவை பெரும்பாலும் இன்று பாதுகாக்கப்பட்ட காடுகளில் நிற்கின்றன. இப்போது கடையில் கிடைப்பது இளமரம், அதே பெயர், அதே உறுதி இல்லை. ஆகவே பழைய பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று காண்டிராக்டர் யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும். பலகை போகவில்லை, ஆணிதான் போகிறது. ரெட்வுட்டில் இருக்கும் துவர்ச்சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை. துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் ஆணித் தலையிலிருந்து கண்ணீர்போல வழியும். அதைக் கவனமாகப் பிடுங்கி, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஆணி போட வேண்டும். சமையல் பாத்திரத்தில் வரும் 304 ரகம் கடலோரத்தில் போதாது. 316இல் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்பைத் தாங்கும்.

கட்டடத்தின் உள்ளே தூணும் உத்தரமும் வெளிப்படையாகத் தெரிகின்றன. சீ ரேஞ்சின் முதல் பெரிய கட்டடமான "காண்டோமினியம் 1" என்ற கூட்டுக் குடியிருப்பு இந்த வழக்கத்தைத் தொடங்கியது. மூர், லிண்டன், டர்ன்புல், விட்டேக்கர் என்ற கட்டடக்கலைஞர்கள் நால்வரும் 1965இல் முடித்தது. பாறை மேட்டின் மேல் ஒரு முற்றத்தைச் சுற்றி 10 வீடுகள், 10 அங்குலச் சதுரத் தூண்கள், பண்ணைக் களஞ்சியம் மாதிரி. விளிம்புக்குப் பக்கத்தில்தான் அதுவும் நிற்கிறது. ஆனால் பத்து வீட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டி, முற்றத்தைக் காப்பாற்றியது. தனி வீடாக விளிம்பில் நிற்பவர்கள் அந்தக் கட்டடத்தின் காட்சியை எடுத்துக்கொண்டு முதுகை விட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தெரியும் தூண்களால் ஒரு தர்மசங்கடம். கலிஃபோர்னியாவில் எரிசக்தி விதிகள் 1978இல்தான் வந்தன. அதற்கு முன் கட்டிய வீட்டில் குளிர்காப்பு இல்லை, அல்லது பெயருக்குத்தான். உள்பக்கம் பஞ்சு வைத்து மூடினால் தூண் மறைந்துவிடும், பாதி அழகு போய்விடும். வெளிப்பக்கம் தடிமன் கூட்டினால் சன்னல்கள் பள்ளத்தில் போய், முன்சொன்ன தகடு வேலை எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். வெளித்தோற்றம் மாறுவதால் ஊர்ச் சங்கத்தின் வடிவமைப்புக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சொல்வது: கூரை மாற்றும்போது கூரைப் பலகையின் மேல் குளிர்காப்பு வைத்துவிடுங்கள், வெப்பம் அதிகம் போவது அங்கேதான். சுவரை விடுங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். கோடையில்கூட மூடுபனி இருக்கும் ஊர் அது. யாரும் அரைக்கைச் சட்டையோடு போவதில்லை.

காட்டு வீடு

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்குள் இதற்கு யாரும் வாதாடவில்லை. ஒன்றாம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே ஏறினால் மரக்காடு. பனிக்கு மேலே இருப்பதால் பல நாள் வெயில் அங்கேதான். விலை குறைவு, உப்பும் குறைவு, ஆணி வெகுநாள் வரும். இடையில் ஒரு வீட்டில் நாங்கள் இரண்டு முறை தங்கியிருக்கிறோம். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தடை காப்பீடு. காட்டுத்தீக்குப் பயந்து பல நிறுவனங்கள் கலிஃபோர்னியாவில் புதுப் பாலிசி எழுதுவதையே குறைத்துவிட்டன. எங்கும் கிடைக்காதவர்கள் கடைசியில் போகும் ஃபேர் பிளான் விலையும் கூட, காப்பும் குறைவு. மரப் பலகைச் சுவர், மரத்தடியில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டை முடிவு செய்யுமுன் காப்பீட்டு விலையை எழுத்தில் வாங்குங்கள். இது மூன்று வீட்டுக்கும் பொருந்தும் என்றாலும் காட்டு வீட்டுக்கு இதுதான் முதல் கேள்வி.

நிலநடுக்கத்தைப் பற்றி மச்சான் ஒரு வரைபடம் அனுப்பினார்: சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அந்த மலைமுதுகுக்குப் பின்னால் குவாலாலா ஆற்றின் வழியாகவே ஓடுகிறது. 1906இல் தெற்கே ஃபோர்ட் ராஸ் பக்கம் வேலிகள் சுமார் 12 அடி விலகின. உண்மைதான். ஆனால் மூன்று வீட்டுக்கும் அது ஓரிரு மைலுக்குள் இருப்பதால் ஒப்பீட்டில் அது யாருக்கும் மதிப்பெண் கூட்டவோ குறைக்கவோ இல்லை. மர வீடு லேசானது, வளைந்து கொடுக்கும். அடித்தளத்தோடு போல்ட்டு போட்டுப் பிணைத்திருக்கிறதா என்று மட்டும் தரைக்கடியில் தவழ்ந்து பார்க்க வேண்டும். பார்த்தேன். காட்டு வீட்டில் இல்லை, மற்ற இரண்டிலும் இருந்தது.

வாங்காமலே இருந்தால்?

அக்காவின் தாளில் இந்த வரிசை இல்லை. நான் சேர்த்தேன். நான்கு குடும்பமும் சேர்ந்து வருடத்துக்கு எத்தனை வார இறுதி போகிறோம் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி எண்ணினால் பதினொன்று. சான் ஹோசேயிலிருந்து நான்கு மணி நேரம், அதில் ஜென்னர் என்ற ஊரைத் தாண்டிய வளைவுகளில் ஒரு குழந்தை நிச்சயம் வாந்தி எடுக்கும். வீடு வாங்கினால் இது இருபதாகும் என்கிறார் அண்ணன். எனக்கு நம்பிக்கையில்லை.

வாடகைக் கணக்கோடு ஒப்பிட, வாங்கும் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுத வேண்டும்: கடன் வட்டி, வாங்கிய விலையில் ஏறத்தாழ ஒரு சதவீதமும் சில்லறையும் சொத்துவரி (விற்றவர் 1970களில் வாங்கியிருந்தால் அவர் கட்டிய சிறு வரி நமக்கு வராது, விற்பனையோடு மதிப்பு புதிதாகும்), காப்பீடு, சங்கக் கட்டணம், புரோப்பேன் எரிவாயு, குளிர்காலப் புயலில் கரண்டு போனால் ஜெனரேட்டர், வருடா வருடம் ஆணியும் பலகையும். இதைக் கூட்டியபோது வாங்காமலிருப்பதே மலிவு, அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. நாங்கள் இல்லாத வாரங்களில் வாடகைக்கு விட்டுச் சரிக்கட்டலாம் என்பதற்கும் கவுண்ட்டி விதி, சங்க விதி இரண்டும் உண்டு. கட்டுப்பாடு கூடுமே ஒழியக் குறையாது என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. ஆக, லாபத்துக்கு வாங்குகிறோம் என்ற பேச்சைக் குழுவில் நிறுத்தியாயிற்று. ஆசைக்குத்தான் வாங்குகிறோம். அதில் எந்தத் தப்பும் இல்லை, எவ்வளவுக்கு ஆசைப்படுகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

எங்கே வந்து நிற்கிறோம்

நான் சொன்னது: வாங்குவதென்றால் வேலியோர வீடு. பழுதுபார்த்து வைத்துக்கொள்வது, இடித்துக் கட்டுவதில்லை. கூரையும் தகடும் முதல் வருடம். ஆணியும் வடபக்கப் பலகையும் இரண்டாம் வருடம். கண்ணாடி, உடைந்தால் ஆபத்தான இடங்களில் உடனே, மற்றவை மெதுவாக. விளிம்பு வீட்டில் இதே வேலைகளை ஒரே வருடத்தில், அனுமதிக்குக் காத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும். பார்க்கிற கடல் குறையும். உட்கார்ந்திருக்கிற நேரம் கூடும்.

இன்னும் தீராத பிரச்சினை ஒன்று. வேலியோர வீட்டில் இரண்டே படுக்கையறை. மூன்றாவது ஒன்று கூட்டலாம் என்றால் செப்டிக் டேங்க் இரண்டு அறைக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கிறது; அங்கே அறை எண்ணிக்கையை முடிவு செய்வது கட்டடக்கலைஞர் அல்ல, மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதுதான். நான்கு குடும்பமும் ஒன்றாகப் பொங்கல் வைப்பதற்கு அந்த வீடு ஆகாது. இரண்டு குடும்பம் மட்டும் வாங்கி, மற்ற இருவர் விருந்தாளியாக வரட்டும் என்றேன். அதைச் சொன்ன மாலை குழு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

பிப்ரவரியில், நல்ல மழை நாளாகப் பார்த்து, இரண்டாம் முறை போகிறோம். வெயில் நாளில் எந்த வீடும் ஒழுகாது. டார்ச், ஒரு கூரான ஸ்குரூடிரைவர், சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம்: ஆணித் தலையில் பலமாக ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் யாரோ ஏற்கெனவே துருப்பிடிக்காத ஆணியாக மாற்றியிருக்கலாம் (அது 304ஆ 316ஆ என்று காந்தம் சொல்லாது). அண்ணன் வருகிறார், மச்சான் வருகிறார். அக்காவும் வருகிறார், ஆனால் குழுவின் முகப்புப் படமாக அந்த விளிம்பு வீட்டின் மேற்குச் சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது.